மணமகளை நிறுத்தும் வேலை

எங்கள் அலுவலகத்தில் சில சொற்களுக்கு அனுமதி கிடையாது. ‘செத்துப்போச்சு’ என்று சொல்லக் கூடாது. ‘அறுந்துபோச்சு’ கூடாது. ‘தொங்குது’ கூடவே கூடாது. கம்ப்யூட்டர் பராமரிக்கும் வேலைக்கு வந்தவளால் இந்த மூன்று சொற்களும் இல்லாமல் காலை டீயைக்கூடத் தாண்ட முடியாது. நான் தாண்டினேன், ஓய்வு பெறும் வரை தாண்டினேன்.

அது ஒரு திருமணத் தகவல் நிலையம். கோரிப்பாளையத்தில், பிரியாணி ஹோட்டலுக்கு மேல் மாடியில் இருந்தது. பெண்ணைப் பெற்றவர்களும் பையனைப் பெற்றவர்களும் ஜாதகத்தோடு படியேறி வருவார்கள். கீழேயிருந்து வரும் தாளிப்பு வாசனையில் பாதிப் பேருக்குப் பொருத்தம் பார்க்க வந்ததே மறந்துபோகும்.

போன மாதம் செல்வி போன் செய்தாள். வரவேற்பு மேசையிலிருந்து ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் அவள். “அக்கா, நம்ம சர்வரைக் கழட்டிக் கொண்டுபோயிட்டாங்க. இனிமே எல்லாம் கிளவுடுலயாம். புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஒண்ணுமே தெரியல. ‘சர்வர் கிளம்ப மாட்டேன்னு நின்னுச்சாமே, மேனேஜர் பால்கனியில நின்னு கத்தினாராமே, நெசமா?’ன்னு கேக்குதுக. நான் சொன்னா நம்ப மாட்டேங்குதுக. நீங்களே எழுதி அனுப்புங்க” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அத்தனையும் நிஜம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் பெயர் மும்தாஜ். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தேன். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில், மாணவர்கள் பிடுங்கிப் போட்ட மவுஸ்களைத் திரும்பச் சொருகியே என் இருபதுகள் கழிந்தன. கல்யாணம், பிள்ளைகள், பஸ் பயணம் எல்லாம் சேர்ந்து அலுத்துப்போன சமயத்தில், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இந்த வேலை கிடைத்தது. “கல்யாண ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? தாலியா கட்டப் போகுது?” என்று எங்கள் அத்தா கேட்டார்.

மேனேஜர் பூமிநாதன் சார் அதற்குமுன் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. குரல் உயரவே உயராது. யார் வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுவார், யார் போனாலும் படி வரை வந்து வழியனுப்புவார். கூரியர்காரரையும் அப்படித்தான். மண்டபத்துப் பழக்கம் அது. ஹாலில் எப்போதும் நாலு குடும்பம் உட்கார்ந்திருக்கும் என்பதால் சொற்களில்தான் அவருக்குக் கவனம் அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நான் உள்ளேயிருந்து, “சார், கனெக்‌ஷன் கட்டாயிருச்சு!” என்று சத்தம் கொடுத்தேன். ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கையிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிக்கொண்டார். சார் மெதுவாக உள்ளே வந்தார்.

“மும்தாஜம்மா, கட்டுங்கிற வார்த்தை இங்க வேணாம்மா.”

“அப்ப எப்படி சார் சொல்றது?”

கொஞ்சம் யோசித்தார். “கனெக்‌ஷன் மறுவீடு போயிருக்குன்னு சொல்லுங்க. திரும்பி வந்துரும்ல?”

அன்றிலிருந்து கனெக்‌ஷன் மறுவீடு போனது. நின்றுபோன புரோகிராமை நான் ‘கில்’ பண்ணவில்லை, ‘வழியனுப்பினேன்’. சர்வர் தொங்கவில்லை, ‘யோசித்தது’. ஒருமுறை ‘சைல்டு பிராசஸ்’ என்று வாய்தவறிச் சொன்னதற்கு, “அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்” என்றார்.

அவருடைய இன்னொரு கட்டளை போட்டோக்களைப் பற்றியது. மாப்பிள்ளைகளின் போட்டோ சர்வரில் இருக்கலாம். பெண்களின் போட்டோ மட்டும் அவர் அறையில், அவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கவேண்டும். “பொம்பளப் பிள்ளைக போட்டோ என் கண் பார்வையில இருக்கணும்மா. நாளைக்கு ஏதாச்சும்னா அப்பன்மாருக்கு நான்ல பதில் சொல்லணும்?” என்பார். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சர்வரை அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரர்கள், சாரின் கம்ப்யூட்டரிலிருந்த அந்த ஃபோல்டரைச் சர்வரோடு இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணின் படம் தேவைப்படும்போதெல்லாம் சர்வர் போய் சாரின் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் தயிர் வாங்குவது மாதிரி.

சர்வர் என்பது இரவும் பகலும் ஓடவேண்டியது. ஆனால் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்துவார்கள். எங்கள் யுபிஎஸ், ஒரு டீ ஆறும் நேரத்துக்கு மேல் தாங்காது. கீழே ஹோட்டல்காரரின் ஜெனரேட்டரிலிருந்து ஒரு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் மட்டுமே அனுமதி. ஆகவே ஒன்பதுக்கு முன்னால் சர்வரை முறைப்படி அணைத்துவிட வேண்டும். அந்த முறையைச் சார்தான் வகுத்தார். காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பார். முன்பு ஒருமுறை கரண்ட் ஏறி இறங்கியதில் அவருடைய கம்ப்யூட்டர் புகைந்துபோனதால், முதலில் அதைத் தன் கையால் அணைத்து அறையைப் பூட்டிவிடுவார். அடுத்து செல்வியுடையது, அடுத்து பிரிண்டர், அடுத்து நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர். கடைசியில் சர்வர். “மண்டபத்துல சின்னவுக எல்லாம் கிளம்புனதுக்கு அப்புறம்தான் வீட்டுப் பெரியவர் கிளம்பணும். அதான் மரியாதை” என்பார்.

இந்த வரிசை வந்த மாதம்தான் சர்வர் முதன்முதலாகக் கிளம்ப, அதாவது அணைய, மறுத்தது. ஆனால் அதே மாதம், வாஸ்து பார்க்க வந்தவர் சொன்னார் என்று சர்வரைக் கன்னி மூலைக்கு நகர்த்தியும் இருந்தோம். அதனால் பழி முழுவதும் கன்னி மூலையின்மேல் விழுந்தது.

அணைக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தால் திரையில் ஒரு படம் வரும். மாலையும் கழுத்துமாக ஒரு மணமகனும் மணமகளும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், கீழே ஒரு வட்டம் சுற்றும். சார் கேட்டுக்கொண்டதற்காகக் கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்த அழகு அது. அன்றைக்கு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மணமக்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். செல்வி முறுக்கு தின்று முடித்தாள். நல்ல நேரம் போனது, ஒன்பது மணியும் ஆகப்போனது. கடைசியில் சார் சர்வரின் முன்னால் நின்று, “மன்னிச்சிருப்பா” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். உயிரோடு ஓடுகிற சர்வரை அப்படி அணைப்பது, எழுதிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவது மாதிரி. எழுத்து எங்கே நின்றது என்று அதற்கே தெரியாது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. சர்வரும் எழுந்தது. ஒரு பட்டியல் உடைந்திருப்பதாகச் சொல்லி அதுவே சரிசெய்துகொண்டது. நாங்களும் நம்பிவிட்டோம். அது சரிசெய்த லட்சணம் பத்து நாள் கழித்துச் சமயநல்லூரிலிருந்து வந்தது.

வந்தவர் காளிமுத்து அண்ணன். தன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலையே பிற்பாடு விலைக்கு வாங்கி விவசாயம் பார்ப்பவர். மகள் அரசுப் பள்ளியில் ஆசிரியை. நாங்கள் கொடுத்த வரனின் வீட்டார் பெண் பார்க்க வந்துபோன மறுநாள் அவர் படியேறி வந்தார். துண்டை உதறி நாற்காலியில் போட்டார். உட்காரவில்லை.

“போட்டோவுல மீசை இம்புட்டு இருந்துச்சு சார். அருவா கணக்கா. சொந்தக்காரங்க பூராப் பேருக்கும் காட்டிட்டேன். கார்ல இருந்து இறங்குன ஆளுக்குத் தலையிலயும் ஒண்ணுமில்ல, மொகத்துலயும் ஒண்ணுமில்ல. சரி, மாப்பிள்ளையோட அப்பாவாக்கும்னு, ‘வாங்க சம்பந்தி’ன்னு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுட்டேன். அவரு என் காதுகிட்ட, ‘மாமா, நான்தான் மாப்பிள்ளை’ங்கிறாரு.”

சார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “பிறகு?”

“பிறகென்ன. அடுப்படியில எம்மக சிரிச்ச சிரிப்புல கேசரித் தட்டு கீழ போச்சு. அம்புட்டுப் பேரு முன்னாடி அவமானமாப் போச்சேன்னு நான் நிக்கிறேன். ‘அப்பா, நீங்க கட்டிப்பிடிச்சும் கோவப்படாம நின்ன மனுசன். எனக்குச் சம்மதம்’னுட்டா. நான் உங்களைத் திட்டத்தான் வந்தேன். திட்டவும் முடியல. இந்தாங்க, அடுத்த மாசம் நிச்சயம். வந்துருங்க.”

அவர் போன பிறகு பார்த்தேன். மாப்பிள்ளைகளின் படங்கள் பட்டியலில் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்தன. ஒவ்வொருவர் ஜாதகத்திலும் அடுத்தவர் முகம். மற்றக் குடும்பங்கள் காளிமுத்து அண்ணன் மாதிரி இல்லை. ஒரு அம்மாள் போனில் பேசியதை நான் இங்கே எழுதினால் சார் கோபித்துக்கொள்வார். படங்களைச் சரிசெய்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு முடிக்க எனக்கும் செல்விக்கும் தொண்டை கட்டிவிட்டது.

“சமயநல்லூர்ல ஆண்டவன் பாத்துக்கிட்டாரு. எல்லா வீட்டுலயும் பாத்துக்க மாட்டாரு. இனி அந்தப் பொத்தானை நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடக் கூடாது” என்றார் சார்.

அடுத்த மாதமும் சர்வர் கிளம்பாமல் நின்றது. ஒன்பது மணியானது, கரண்ட் போனது, யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது, சர்வர் தானாக விழுந்தது. அந்த முறை அல்லாஹ் காப்பாற்றினான், எதுவும் நகரவில்லை. ஆனால் இப்படியே விட முடியாது. நான் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். மெமரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. டிஸ்க் நன்றாக இருந்தது. யுபிஎஸ்ஸின் வயரைக் கழற்றி மாட்டினேன். சார் தன் பங்குக்குச் சர்வரை மறுபடி பழைய இடத்துக்கே மாற்றி, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தார். பழம் காய்ந்ததுதான் மிச்சம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அணையும்போது சர்வர் எந்த வேலையில் நிற்கிறது என்று அது வரிவரியாக எழுதிக் காட்டும். அந்த வரிகள் எல்லாம் மணமக்கள் படத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. படத்தை எடுத்தால் தெரிந்துவிடும்.

“மணமக்களை எடுக்கிறதா?” என்றார் சார்.

“படத்தைத்தான் சார்.”

“அவுக என்னம்மா பாவம் பண்ணாக?”

ஒரு வாரம் கெஞ்சினேன். அதற்குள் அடுத்த மின்தடை அறிவிப்பும் வந்துவிட்டது, சனிக்கிழமை என்று. மறுநாள் ஞாயிறு எங்கள் வரன் சந்திப்பு. மண்டபம் பிடித்து, சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்து, திரையில் படம் பார்த்துப் பேசி முடிக்கும் நாள். அதில் முகம் மாறினால் அலுவலகத்தை மூடிவிட வேண்டியதுதான். அதைச் சொன்னதும் சார் இறங்கிவந்தார். நல்ல நேரத்தில், மணமக்களைக் கும்பிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்படியே எடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. நல்ல நேரம் ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை. ஒன்பதுக்குக் கரண்ட் போகும், அதே ஒன்பதுக்கு ராகு காலமும் வரும். இந்தக் கணக்கெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் சாரோடு வேலை பார்த்ததில் எனக்கு ஏழு நாளும் மனப்பாடம். சார் தன் கம்ப்யூட்டரை அணைத்து அறையைப் பூட்டினார். வரிசையாக மற்றவையும் கிளம்பின. நான் சர்வருக்குக் கட்டளை கொடுத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. இது நின்றது, அது நின்றது, இன்னொன்று நின்றது. பிறகு ஒரே ஒரு வரியில் ஓட்டம் நின்றது. அதன் முன்னால் மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் அங்கிட்டும் இங்கிட்டும் உலாத்தின.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஸ்டாப் ஜாப்... மணமகள்... நோ லிமிட்.” கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெளிறியிருந்தது. “யாரும்மா மணமகளை நிறுத்துறது? அதுவும் லிமிட்டே இல்லாம?”

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ‘மணமகள்’ என்பது பெண்களின் போட்டோ இருந்த ஃபோல்டரின் பெயர். சர்வர் கிளம்பும்முன் அந்த ஃபோல்டரை முறையாக மூடி ஒப்படைக்கப் பார்க்கிறது. ஒப்படைக்க முடியவில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கச் சொல்லி அமைத்திருந்ததால் அசையாமல் நிற்கிறது. ஏன் ஒப்படைக்க முடியவில்லை? அந்த ஃபோல்டர் இருப்பது சர்வரிலேயே இல்லை.

“சார், உங்க ரூம் கம்ப்யூட்டர்...”

“அதைத்தானம்மா முதல்ல அணைச்சேன்.”

“அதைப் போடணும் சார். இப்பவே.”

“அணைச்சு அனுப்பினதைத் திரும்பக் கூப்பிடுறதா? ராகு வரப்போகுதும்மா.”

“ராகுவுக்கு முன்னாடி கரண்ட் போயிரும் சார். நாளைக்கு யாரு மொகம் யாரு ஜாதகத்துல நிக்கும்னு எனக்குத் தெரியாது.”

அந்த வாக்கியம் அவரை அசைத்தது. அறைச் சாவிக்காக இடுப்பைத் தடவினார். இல்லை. மண்டபத்துக்குக் கொண்டுபோகவேண்டிய தாம்பாளங்கள் அறைக்குள் இருந்ததால், சாவியைச் செல்வியிடம் கொடுத்திருந்தார். செல்வி பூ வாங்க ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தாள். போன் போட்டோம். அவளுடைய போன் மேசைமேல் இருந்து பாடியது.

சார் பால்கனிக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கீழே கோரிப்பாளையம் சிக்னல், காலை நேரத்து பஸ்கள், ஆட்டோக்கள், ஹாரன் சத்தம். எதிரே பூக்கடையில் செல்வி முழம் அளப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். குரலே உயராத மனிதர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“செல்வி! ஏ செல்வி! சர்வர் சாகப்போகுது! தொங்கிக்கிட்டு நிக்குது! சாவியக் கொண்டா!”

ஹாலில் உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்கள் எழுந்து நின்றன. சிக்னலில் பஸ்ஸுக்காக நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “எந்த சர்வருண்ணே? கீழ பிரியாணிக் கடையில இருக்காரே, அவரா? தொங்கிட்டாரா?” என்று கேட்டார். “ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கப்பா!” என்று யாரோ குரல் கொடுக்க, நாலைந்து பேர் ஹோட்டலுக்குள் பாய்ந்தார்கள்.

ஹோட்டலில் பரிமாறும் காதர் பாய், ஒரு கையில் வெங்காயப் பச்சடி வாளியோடு வெளியே வந்தார். “நான் உசுரோட நல்லாத்தானேப்பா இருக்கேன். என் மவுத்தை யாரு அறிவிச்சது?”

“பாய், நீங்க இல்ல! மேல இருக்க சர்வர்!” என்று நான் கத்தினேன். “எதுத்தாப்புல செல்வி நிக்கிறா, அவகிட்ட சாவி!”

காதர் பாய் ஒரு கணம்தான் யோசித்தார். வாளியை ஆட்டோக்காரர் கையில் கொடுத்தார், சிக்னலில் நின்ற வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டியபடி நடந்தார், செல்வியின் இடுப்பில் செருகியிருந்த சாவியைக் கேட்டு வாங்கினார், அதே மாதிரி திரும்பி வந்து படியேறினார். சர்வரைக் காப்பாற்ற ஒரு சர்வரே வந்தார் என்று செல்வி இன்றுவரை சொல்வாள்.

அறையைத் திறந்தோம். சாரின் கம்ப்யூட்டரைப் போட்டேன். பழைய கம்ப்யூட்டர் அது. கண்விழித்து, சோம்பல் முறித்து, பாட்டுப் பாடி, வணக்கம் சொல்லித்தான் எழும். எட்டே முக்கால் எப்போதோ தாண்டிவிட்டது. சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். அதற்குமேல் யாரும் மணி பார்க்கவில்லை.

காதர் பாய் சர்வரின் திரைமுன் நின்று காவல் காத்தார். “அக்கா! சிவப்பு ஓடிக்கிட்டே இருக்கு... ஓடுது... இன்னும் ஓடுது... நின்னுருச்சு! எழுத்தா ஓடுது! ஏதேதோ ஓடுது! அணைஞ்சுருச்சு அக்கா! நான் ஒண்ணையும் தொடல!”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. சர்வரின் விசிறி மெல்ல மெல்லச் சுற்றி அடங்கியது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. சாரும் தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் மின்விசிறி நின்றது, கீழே மாவரைக்கும் சத்தம் நின்றது, கரண்ட் போனது.

சாருக்கு விளக்கமாகச் சொன்னேன். “அது உங்க கம்ப்யூட்டர்கிட்ட வாங்கின பொருளை உங்க கம்ப்யூட்டர்கிட்டயே ஒப்படைச்சிட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் சார் கிளம்பும். நீங்க மாசாமாசம் முதல்ல அதை அணைச்சுட்டீங்க. சொல்லிக்க ஆள் இல்லாம வாசல்லயே நின்னுருக்கு.”

சார் சர்வரைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இம்புட்டு நாளும் என்னைத் தேடித்தான் நின்னுச்சா?” என்றார்.

“ஆமா சார்.”

“பொம்பளப் பிள்ளைக போட்டோவை அந்தரத்துல விட்டுட்டுப் போக மனசில்லாம?”

“அப்படியும் சொல்லலாம் சார்.”

சார் எழுந்துபோய் சர்வரைக் கும்பிட்டார். பிறகு ஹாலில் நின்றிருந்த குடும்பங்களிடம் போய், தான் கத்திய சொற்களுக்காக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அவர்கள் யாரும் போகவில்லை. “போட்டோவுக்கே இம்புட்டுக் காவலா இருக்கிற ஆபீஸா?” என்று ஒருவர் இன்னொரு மகளின் ஜாதகத்தையும் எடுத்து நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு குறையில்லாமல் நடந்தது. எல்லா முகங்களும் அவரவர் ஜாதகத்தில் இருந்தன.

திங்கட்கிழமை நான் அந்த அமைப்பை மாற்ற உட்கார்ந்தேன். இனிமேல் சாரின் கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால், சர்வர் காத்திருக்காமல் தானே ஃபோல்டரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்படி எழுதினேன். சார் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாயிருச்சு சார். இனிமே நீங்க எந்த வரிசையில அணைச்சாலும் நிக்காது. கிளம்பிரும்.”

“காத்திருக்கவே காத்திருக்காதா?”

“காத்திருக்காது சார்.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். படிவரை போனார். திரும்பி வந்தார்.

“மும்தாஜம்மா, ஒரு அரை நிமிசமாச்சும் நிக்கச் சொல்லுங்களேன்.”

முப்பது நொடி என்று மாற்றி எழுதினேன்.